இடது ஓரத்துக் கோடு

பிப்ரவரி 12, ஞாயிறு

கேமரா விற்றுப் போயிற்று. வாங்குகிறவர் காலை பதினொரு மணிக்கு வந்தார், பன்னிரண்டுக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். தண்ணீர்த் தொட்டிகளைச் சோதித்து அறிக்கை எழுதித் தரும் காண்ட்ராக்ட் கம்பெனியில் வேலை. மேல்நிலைத் தொட்டிகளின் இரும்பு ஏணிகள் பாதிக்கு மேல் துருப்பிடித்துக் கிடக்கின்றனவாம். அதனால் தரையில் நின்றபடியே நீள லென்ஸ் போட்டு, மேலே இருக்கிற தூண், உத்தரம், மூட்டு எல்லாவற்றையும் படமெடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்து எழுதுவாராம். கம்பெனி கேமரா வாங்கித் தராதாம்.

"கேட்டா, கண்ணு இருக்கில்லன்றாங்கக்கா."

கூடத்து ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடிக் கைப்பிடியை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். கம்பியில் பெயிண்ட் உரிந்திருப்பது கூடத் தெரிந்தது. "புதுசு மாதிரி வச்சிருக்கீங்களே" என்றார். உள்ளறையிலிருந்து இவர், என் வீட்டுக்காரர், "என்னையவிட அதத்தான் நல்லா பாத்துக்கிட்டா" என்று குரல் கொடுத்தார். மூவரும் சிரித்தோம்.

இருபத்திரண்டு வருடம் தோளில் தொங்கியதில் இது நான்காவது கேமரா, கடைசிக் கேமரா. மணிக்கட்டு மரத்துப்போக ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. பீரோவில் வைத்துப் பூட்டி என்ன செய்ய? அச்சுக் கடையில் உட்கார்ந்து விசிட்டிங் கார்டு அடிக்க இந்தக் கை போதும்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, திங்கள்

போன வருடம் பள்ளி விளையாட்டு விழா. மூன்று மணி நேரம் வெயிலில் நின்று எடுத்தேன். கடைசி நாற்பது படங்களில், இடது ஓரத்தில், மேலிருந்து கீழே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. லேசான ரோஜா நிறம். கேமராவுக்குள் படம் பிடிக்கிற சென்சார் சூடேறிவிட்டது என்று அப்போதே புரிந்தது. அணைத்து நிழலில் வைத்தேன், போய்விட்டது. படங்களின் ஓரத்தை வெட்டிவிட்டுக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. இவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அந்தக் கோடு வரவேயில்லை. அல்லது, அதற்குப் பிறகு நான் அவ்வளவு நேரம் வெயிலில் நிற்கவேயில்லை.

சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டார். அவ்வளவுதான் விஷயம். வேறு நியாயம் எதுவும் கிடையாது என்னிடம்.

பிப்ரவரி 19, ஞாயிறு

போன் எதுவும் வரவில்லை. நல்லது.

பிப்ரவரி 28, செவ்வாய்

வந்துவிட்டது.

கடையில் அறுநூறு அடையாள அட்டைக்கு லேமினேஷன் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் இரண்டரைக்குப் போனில் ஒரு படம். தொட்டிக்காரர். (பெயரைவிட இதுதான் வாயில் வருகிறது.) கீழே எழுதியிருந்தார்: "மூணாவது தொட்டி, வடக்குத் தூண். ஒரு கோடு தெரியுது. கேமராவா, தொட்டியான்னு தெரியலக்கா."

கோடு என்ற வார்த்தையைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினேன். படத்தைத் திறந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு தூண், மேலே தொட்டியின் வயிறு, ஒரு கோடு. இருக்கிறது. மூடிவிட்டேன். கடைக்குப் பின்னால், வெட்டித் தள்ளிய காகிதம் குவிந்திருக்கும் இடத்தில் நின்று அவரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, ரொம்ப நேரம் வெயில்ல வச்சிருந்தீங்களா?"

"காலையிலேருந்து வெயில்தான்க்கா. நாலு தொட்டி முடிச்சிட்டேன்."

"அப்ப அது கேமராதான். சென்சார் சூடானா ஒரு கோடு வரும். ஒரு தடவ எனக்கும் வந்துச்சு. விக்கும்போதே சொல்லியிருக்கணும்… சொல்லல. தப்புதான். வேணும்னா திருப்பிக் குடுத்துடுங்க, நான் எடுத்துக்கறேன்."

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ, "அட, பரவாயில்லக்கா. நீங்களா சொல்றீங்களே, யார் சொல்லுவாங்க இந்தக் காலத்துல" என்றார். "நான் வேற ஊருக்கு வந்துட்டேன். திரும்பப் போய் எடுக்கணுமா?"

"வேணாம் தம்பி. அது கேமராவோட கோடு. தூண்ல ஒண்ணும் இருக்காது."

இரண்டு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. உள்ளே வந்து மிச்ச அட்டைகளைப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே முடித்தேன். முதலாளி, "என்ன, இன்னிக்கு மழை வருமா?" என்றார்.

மார்ச் 1, புதன்

இவரிடமும் சொன்னேன், கோடு பற்றி எல்லாவற்றையும். "ஒத்துக்கிட்டியா? பெரிய ஆளுதான் நீ" என்றார். நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 22, புதன்

காலை பத்து மணிக்குக் குடிநீர் அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார். முந்நூறு பிரதி, மஞ்சள் தாள், உடனே வேண்டும் என்றார். கையால் எழுதிய அறிவிப்பு. நான்தான் அடித்தேன்.

"ரயில் பாதைக்கு அப்பால் உள்ள மூன்றாம் எண் மேல்நிலைத் தொட்டி நேற்று பிற்பகல் இடிந்து விழுந்த காரணத்தால், மறு அறிவிப்பு வரும் வரை குடிநீர் விநியோகம் லாரிகள் மூலம் மட்டுமே…"

மூன்றாம் எண் வரை அடித்தபோது கை ஓடிக்கொண்டுதான் இருந்தது. 'லாரிகள்' வரும்போதுதான் நின்றது.

குமாஸ்தாவிடம் கேட்டேன். "யாருக்காவது அடி?"

"மோட்டார் ஆபரேட்டர். அடியில இருக்கிற ரூம்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். தூண் ஒரு பக்கமா உக்காந்துடுச்சு. நல்ல மனுஷன்." பிறகு, "முந்நூத்தம்பதா போட்டுடுங்க" என்றார்.

எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். 'விநியோகம்' சரியா என்று இரண்டு முறை பார்த்தேன். அதைப் பார்க்கத் தெரிந்தது எனக்கு.

மார்ச் 23, வியாழன்

முதலாளி வருவதற்கு முன்பே கடையைத் திறந்து, அந்தப் படத்தைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பெரிய திரை.

என் கோடு இடது ஓரம். இது நடுவுக்குச் சற்று வலப்பக்கம்.

என் கோடு அடிஸ்கேல் வைத்த மாதிரி நேர் கோடு. இது சாய்ந்து, தூணும் உத்தரமும் சேரும் மூட்டில் தொடங்கி, வளைந்து, நடுவில் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது.

என் கோடு ரோஜா நிறம். இதற்கு நிறமே இல்லை. நிழல்தான் இருக்கிறது. ஆழம் இருப்பதற்குத்தானே நிழல் இருக்கும்.

இருபத்திரண்டு வருடம். ஒரு குழந்தைகூடச் சொல்லும் இதைப் பார்த்து. கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி — எல்லாப் படத்துலயும் அதே இடத்துல இருக்கா தம்பி? அவ்வளவுதான். இருந்தால் கேமரா, இல்லாவிட்டால் தொட்டி. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும்.

ஏன் கேட்கவில்லை? நான் அவர் கேள்வியைக் கேட்கவேயில்லை. கோடு என்றதும், என் குட்டு உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என் தப்பை ஒத்துக்கொள்கிற அவசரம். நல்லவள் ஆகிற அவசரம். படத்தைப் பார்த்தது எவ்வளவு நேரம்? மூன்று விநாடி இருக்குமா? இருக்காது.

"தூண்ல ஒண்ணும் இருக்காது." — அதை யார் சொல்லச் சொன்னது என்னை? கேமராவைப் பற்றிச் சொன்னேன், சரி. தூணைப் பற்றிப் பேச நான் யாரு?

மார்ச் 24, வெள்ளி

அவர் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பதினொரு முறை முயன்றேன்.

மார்ச் 26, ஞாயிறு

அவரே கூப்பிட்டார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அறிக்கையில் மூன்றாம் தொட்டிக்கு எதிரே, 'குறிப்பிடத்தக்க பழுது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கேமராவையும் படங்களையும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல், "சாப்டீங்களா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்க பேர நான் எடுக்கல. எடுக்கவும் மாட்டேன்."

"ஏன் தம்பி?"

"என்னான்னு சொல்றது? கேமரா வித்தவங்க சொன்னாங்க, நம்பிட்டேன்னா? என் வேலைய நான் உங்ககிட்ட கேட்டிருக்கேன். அதச் சொல்றதவிட, கவனிக்காம விட்டுட்டேன்னே சொல்லிடலாம்."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. "வைக்கிறேன்க்கா, அம்மா முழிச்சிட்டாங்க" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 27, திங்கள்

இவரிடம் சொன்னேன். நான் விசாரணை அலுவலகத்துக்குப் போகப் போகிறேன் என்றதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"உனக்கென்ன கிறுக்கு புடிச்சிருக்கா? அவனே உன் பேர எடுக்கலங்கறான். நீயா போய் தலைய நீட்டுவியா?"

"செத்தது ஒரு ஆளுங்க."

"நீயா தள்ளிவிட்ட? சிமெண்ட நீயா போட்ட? நீ வித்தது கேமரா. அவன் படிச்சவன், பாக்க வேண்டியது அவன் வேல."

அவர் சொல்வது எதுவும் தப்பில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்: நான் விற்றது கேமரா. நான் விற்றது கேமரா. மூன்றாவது முறை சொல்லும்போதே தூணைப் பற்றிச் சொன்ன அந்த இன்னொரு வாக்கியம் குறுக்கே வந்து நிற்கிறது.

மார்ச் 29, புதன்

போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. ஷூ வரைக்கும் போட்டேன்.

ஏப்ரல் 3, திங்கள்

போனேன்.

மாடியில் நீளமான அறை. மின்விசிறி ஒன்று ஓடாமலும் ஒன்று சத்தத்தோடும். விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். விளையாட்டு விழா, நாற்பது படம், ஓரத்தை வெட்டியது, சொல்லாமல் விற்றது, போனில் சொன்னது. அவர் எழுதவேயில்லை.

"நீங்க இன்ஜினியரா?"

"இல்ல சார். போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்ப தூணப் பத்தி நீங்க சொன்னத அவர் ஏன் கேட்டார்?"

"நான் உறுதியா சொன்னேன் சார். அதனால."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கிறுக்கா, நல்லவளா என்று எடை போடுகிற பார்வை. கடைசியில் நான்கு வரி எழுதினார். கையெழுத்துப் போட்டேன். கேமராவைச் சோதிக்கும் நாளில் வந்து அடையாளம் காட்டவேண்டும் என்றார். என் பன்னிரண்டு நாள் தூக்கம் நான்கு வரிக்குள் அடங்கிவிட்டது.

இவரிடம் சொன்னேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தார், கைக்கு.

ஏப்ரல் 11, செவ்வாய்

சோதனை. நுணுக்கம் தெரிந்தவர் என்று ஒரு இளம்பெண்ணை அழைத்திருந்தார்கள். மொட்டை மாடியில் முக்காலி போட்டு, வெயிலில் கேமராவை ஓட விட்டார்கள். தொட்டிக்காரர் ஒரு ஓரமாக நின்றார். சட்டை தொளதொளவென்று இருந்தது, அதே சட்டைதான். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "ஏன்க்கா வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இருபது நிமிடம். படம் சுத்தமாக இருந்தது. முப்பது. சுத்தம். எனக்கு வியர்த்துக் கொட்டியது. வந்துவிடு, தயவுசெய்து வந்துவிடு என்று அந்தக் கோட்டைக் கெஞ்சிக்கொண்டு நின்றேன். வராவிட்டால் நான் பொய்க்காரி, அவர் பைத்தியக்காரர். நாற்பத்தாறாவது நிமிடம் வந்தது. இடது ஓரம், மேலிருந்து கீழ், ரோஜா நிறம். ஒரு தலைமுடி அளவு.

அந்தப் பெண் அந்தப் படத்தையும் தொட்டிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு மெதுவாக, "இத அதோட யாரும் குழப்பிக்க முடியாதே" என்றாள். குற்றம் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

தூணின் படத்தில்கூட, இடது ஓரத்தில், உற்றுப் பார்த்தால் அந்த ரோஜாக் கோடும் இருந்தது. இரண்டும் இருந்திருக்கின்றன. நான் எதையும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

கம்பெனியின் பதில் வந்துவிட்டது. தொட்டிக்காரர் படித்துக் காட்டினார் போனில்.

"'மேற்படி ஊழியர், நிறுவனத்தின் அனுமதி இன்றி, பழுதுள்ளதென விற்றவரே ஒப்புக்கொண்ட பழைய கேமராவைப் பயன்படுத்தி…' நீங்க எழுதிக் குடுத்ததத்தான்க்கா எடுத்திருக்காங்க. முழுக்க என் தலையில."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"நல்லதுன்னு நெனச்சுதான் போனீங்க. தெரியும்" என்றார். "ஆனா அக்கா… இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு செய்ங்க."

இரண்டாவது முறை. உண்மை சொல்கிறேன் என்று நான் வாயைத் திறந்த இரண்டு முறையும் அவருக்குத்தான் விழுந்திருக்கிறது அடி. நம்ம ராசி அப்படியா, இல்ல நம்ம புத்தியே அப்படியா?

ஏப்ரல் 23, ஞாயிறு

இந்த முறை கேட்டுவிட்டுத்தான் போனேன். "ஆபரேட்டர் வீட்டுக்குப் போகணும் தம்பி. போகட்டுமா?" "என்னால போக முடியல. நீங்க போங்க. எனக்காகப் பேசாதீங்க" என்றார்.

ரயில் பாதை தாண்டி, இரண்டு அறை வீடு. வாசலில் வரிசையாக லாரித் தண்ணீர் பிடித்து வைத்த பிளாஸ்டிக் குடங்கள். ஆபரேட்டரின் மனைவிக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவு. தையல் மெஷினில் ஏதோ சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். அலுவலகத்து ஆள் என்று நினைத்து எழுந்து நின்றார். நான் யார் என்று சொன்னேன். என்ன சொன்னேன் தொட்டிக்காரரிடம் என்பதையும், அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.

உட்காரச் சொல்லவில்லை. மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"படத்துல தெரிஞ்சுச்சா?" என்றார் கடைசியில்.

"தெரிஞ்சுதும்மா."

"எங்க வீட்டுக்காரருக்குப் படமே வேணாம். தெனமும் தலையில உதிரும் சிமெண்ட். சாப்பாட்டுல விழுதுன்னு டிபன் பாக்ஸ மூடி மூடி சாப்பிடுவாரு."

மெஷின் டிராயரைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். மூன்று மனுக்களின் நகல். நவம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஒவ்வொன்றிலும் குடிநீர் அலுவலகத்தின் வட்ட முத்திரை, பெற்றுக்கொண்ட தேதி. 'வடக்குத் தூணில் வெடிப்பு உள்ளது. உடனே பார்க்க வேண்டும்.' குண்டு குண்டான, அழகான கையெழுத்து.

"அவரு எழுதுனா கோழி கிண்டுன மாதிரி இருக்கும். நான்தான் எழுதிக் குடுப்பேன். மூணாவது தடவ, 'உங்களுக்கு வேற வேலையே இல்லையா'ன்னு நான்தான் அவரத் திட்டுனேன்."

அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

இவை விசாரணைக்கு வந்தால் எல்லாமே மாறும். அலுவலகத்துக்கு நவம்பரிலேயே தெரியும். கோட்டுக்கும் கேமராவுக்கும் முன்பே தெரியும். என் நாக்கு நுனி வரை வந்தது. அவரே முந்திக்கொண்டார்.

"இதக் கொண்டு போய்க் குடுன்னு சொல்லிடாதீங்க. அந்த ஆபீஸ்லதான் எனக்கு வேல போட்டுத் தர்றதா சொல்லியிருக்காங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. இத எடுத்துக்கிட்டுப் போனா குடுப்பாங்களா?"

சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கட்டை மறுபடி டிராயரில் வைத்து மூடினார்.

"நீங்களாவது வந்து சொன்னீங்க. வேற யாரும் வரல. ஆனா இனிமே வராதீங்க. உங்களப் பாத்தா, தெரிஞ்சிருந்துச்சே, தெரிஞ்சிருந்துச்சேன்னுதான் வரும் எனக்கு."

வாசல் வரை வந்துவிட்டு, "அடுத்த விசாரணை எப்போ?" என்று கேட்டார்.

"மே ஒன்பது. பத்து மணி."

கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏப்ரல் 24, திங்கள்

தொட்டிக்காரரிடம் மனுக்கள் பற்றிச் சொல்லவில்லை. இவரிடமும். இங்கே எழுதியதோடு சரி. அது அந்த அம்மாவின் டிராயர். நான் திறப்பதற்கில்லை.

ஒரு ஆள் ஜெயிலுக்குப் போகலாம், நான் வாய் திறந்தால் போகாமலும் இருக்கலாம். அந்த வீட்டில் மூன்று பேர் சாப்பிடாமல் போகலாம், நான் வாய் மூடினால் சாப்பிடவும் செய்யலாம். இது என்ன கணக்கு? யார் போட்ட கணக்கு?

ஏப்ரல் 30, ஞாயிறு

தொட்டிக்காரர் கூப்பிட்டார். வக்கீல், "தப்பை ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்" என்றாராம். ஒத்துக்கொள்ளப் போகிறாராம். "களைப்பா இருக்குக்கா" என்றார்.

மே 4, வியாழன்

சாப்பிடும்போது இவர் கேட்டார், "என்னமோ மறைக்கிற." இல்லை என்றேன். "இப்பத்தான் கத்துக்கிட்டியா" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே 9, செவ்வாய்

ஒன்பதரைக்கே போய்விட்டேன். இவரும் வந்தார், கேட்காமலே. விசாரணை அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. தொட்டிக்காரரும் அவருடைய வக்கீலும் ஜன்னல் பக்கம் நின்றார்கள். கம்பெனி ஆட்கள் மூன்று பேர், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டைகள். குடிநீர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர். பத்து ஆயிற்று. பத்தே கால் ஆயிற்று. உள்ளே கூப்பிடவில்லை.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மா. தனியாக வந்தார். கையில் ஒரு துணிப் பை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் அந்தக் காகிதக் கட்டு. குடிநீர் அலுவலகத்து ஆள் ஒருவர் சட்டென்று எழுந்து, "என்னம்மா, நீங்க எதுக்கு இவ்ளோ தூரம்? உங்க வேல ஃபைல் நகந்துக்கிட்டுதான் இருக்கு" என்றார்.

"நகரட்டும் சார்" என்றார்.

என் பக்கம் அவர் பார்க்கவில்லை. தொட்டிக்காரரைத்தான் பார்த்தார், நிறைய நேரம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தார். பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்த தொட்டிக்காரருக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

"உக்காருங்க" என்றார். "எவ்ளோ நேரம் நிப்பீங்க."